பியூன் சீனிச்சாமியின் பதினேழு கல் வாட்ச்

செல்லக்கிளி தன் அப்பாவுக்கு நல்ல கைக்கடிகாரம் ஒன்று வாங்கித் தருவதென்று முடிவு செய்தது ஒரு விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில்தான். எழுபத்து மூன்றாம் வருஷம், ஆடி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எழுதியது அவள். கையெழுத்துப் போட வேண்டியது அப்பா சீனிச்சாமி.

சீனிச்சாமி திருச்சுழிப் பக்கம் ஒரு சர்க்கார் ஆபீசில் பியூன். எந்த இலாகா என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். அந்த வீட்டில் முதன்முதலாக மாசம் பிறந்தால் சம்பளம் என்று வாங்கியவர் அவர்தான். இரண்டாவது ஆள் செல்லக்கிளி. பாலவனத்தம் பக்கம் ஒரு யூனியன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வார நாளெல்லாம் அங்கேயே தங்கிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் அருப்புக்கோட்டையில் பஸ் மாறி ஊருக்கு வருவாள்.

ஆபீசில் ஒரு சுவர்க்கடிகாரம் உண்டு. அது நாலு இருபதில் நின்று ஒன்பது வருஷம் ஆகிறது. ரிப்பேர் செய்ய மேலாபீசில் அனுமதி கேட்டிருந்தார்கள். கடிகாரம் நின்றது காலை நாலு இருபதுக்கா, மாலை நாலு இருபதுக்கா என்று மேலாபீசிலிருந்து கேட்டு எழுதினார்கள். அதற்குப் பதில் தெரிந்தவர் யாரும் ஆபீசில் இல்லாததால் ஃபைல் அப்படியே கிடந்தது. ஆகவே ஆபீசின் நேரம் ஆபீசர் கையில் இருந்தது. அவர் கட்டியிருந்தது தங்க முலாம் பூசிய பெரிய வாட்ச். அது பாட்டுக்கு மெதுவாக ஓடும். அவர் உள்ளே வந்து கையைப் பார்த்துப் பத்து என்றால் பத்து. அந்த நேரம் ரோட்டில் பதினொரு மணி பஸ் போய்க்கொண்டிருக்கும்.

ஆடி மாசம் அந்த வாரத்தில் ஒருநாள், மேலாபீசுக்குப் போகவேண்டிய அவசரத் தபாலை ஆபீசர் வரி வரியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியது சீனிச்சாமி. அவர் இரண்டு தரம் கதவோரம் வந்து நின்று தொண்டையைச் செருமினார். இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது, பறக்காதே என்றார் ஆபீசர். பையோடு சீனிச்சாமி ரோட்டுக்கு ஓடியபோது பஸ் கிளப்பிய புழுதிதான் மிச்சம். மறுநாள் அவருக்கு ஒரு மெமோ வந்தது. தபால் ஏன் ஒருநாள் தாமதமாகப் போனது, விளக்கம் தரவும்.

விளக்கத்தில் உண்மையை எழுத முடியாது. ஆபீசரின் வாட்ச் மெதுவாக ஓடுகிறது என்று பியூன் எழுதிக் கொடுத்தால் அதற்குத் தனியாக ஒரு மெமோ வரும். ஹெட்கிளார்க் ஜோதிலிங்கம் நல்ல மனசோடு வாசகத்தையே சொல்லி அனுப்பியிருந்தார். ‘எனது கவனக்குறைவாலும் சோம்பலாலும் பேருந்தைத் தவறவிட்டேன், இனி இவ்வாறு நேராது.’ செல்லக்கிளி கவனக்குறைவு வரைக்கும் எழுதினாள். சோம்பல் என்ற இடத்தில் அவள் கை ஓடவில்லை. இருபத்தெட்டு வருஷமாகக் கோழி கூப்பிட எழுந்து, எல்லாருக்கும் முன்னால் போய் ஆபீசைக் கூட்டி, பானையில் தண்ணீர் நிரப்பி வைக்கிற மனுஷன் அவர்.

“எழுது தாயி,” என்றார் சீனிச்சாமி. “அந்தச் சொல்லு இருந்தாத்தான் அவுகளுக்கு மனசு ஆறும்.”

எழுதினாள். அவர் எழுத்தெழுத்தாகக் கூட்டித் தன் பெயரைப் போட்டார். காகிதத்தை மடித்துக் கவரில் வைக்கும்போதே அவள் தீர்மானித்துவிட்டாள். அவளுக்குப் பஞ்சப்படி அரியர்ஸ் வந்திருந்தது. அதில் அவளுக்குக் கம்மல் எடுக்க வேண்டும் என்று அம்மா வெள்ளைத்தாய் சொல்லி வைத்திருந்தாள். கம்மலை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் செல்லக்கிளி.

வாட்ச் விஷயத்தில் அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரே ஆள் தாய்மாமன் சோணைமுத்து. பந்தல்குடியில் ரோட்டோரமாக டயர் பஞ்சர் கடை வைத்திருந்தார். தூத்துக்குடி லாரிகள் அங்கே நிற்கும். டிரைவர்கள் சொல்லச் சொல்ல, உலகத்துச் சாமான் எல்லாவற்றின் தரமும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் கையிலும் ஒரு வாட்ச் உண்டு. அது ஓடாது. ஓடாத வாட்சை எதற்கு மாமா கட்டியிருக்கிறீர்கள் என்று செல்லக்கிளி ஒருமுறை கேட்டாள். அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“மணி பாக்குறதுக்கா மருமகளே வாட்ச் கட்டுறாக? கட்டியிருக்கம்னு நாலு பேருக்குத் தெரியறதுக்குத்தான்.”

அந்த நாலு பேரை மனதில் வைத்து அவர் சில விதிகள் சொன்னார். வாட்ச் பத்தடி தூரத்தில் இருந்து தெரிய வேண்டும். தங்கக் கலரில் இருக்க வேண்டும். இருட்டில் முள் பச்சையாக மின்ன வேண்டும். தேதி காட்டினால் இன்னும் நல்லது. கேட்டால் சொல்லிக்கொள்ள வெளிநாட்டுப் பேர் ஒன்று வேண்டும், ஆனால் வாயில் நுழையக் கூடாது.

இதெல்லாம் பொருந்தின வாட்ச் அருப்புக்கோட்டையிலேயே கிடைக்கும் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை ஒரு லாட்ஜுக்கு அழைத்துப் போனார். செல்லப்பாண்டி என்ற ஆள் அங்கே மாடியறையில் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்தான். கப்பல் சரக்கு விற்கிறவன். பையிலிருந்து ஒரு வாட்சை எடுத்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். மாமன் சொன்ன அத்தனையும் அதில் இருந்தது. இருபத்தைந்து கல் என்று டயலிலேயே எழுதியிருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டுப் போர்வைக்குள் வைத்து மின்னுவதையும் காட்டினான். சோணைமுத்து போர்வைக்குள்ளிருந்து தலையை எடுக்கவே இல்லை.

செல்லக்கிளி ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குகிறேன் என்றாள். அப்படி யாரும் கேட்டதில்லை என்றான் செல்லப்பாண்டி. நான் கேட்கிறேன் என்றாள். பன்னிரண்டு மணிக்கு மில் சங்கு ஊதியதும் முள்ளைத் திருப்பிச் சரியாக வைத்தாள். மூவரும் அந்த அறையில் வாட்சையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணிச் சங்கு ஊதியபோது வாட்சில் ஒன்று இருபது.

“கப்பல்ல வந்தது அக்கா,” என்றான் செல்லப்பாண்டி. “இன்னும் அந்த ஊரு மணியிலயே ஓடுது. நம்ம கையில ஒரு மாசம் இருந்தா நம்ம ஊருக்குப் பழகிரும்.”

சோணைமுத்துவுக்கு அது நியாயமாகப் பட்டது. வாங்காமல் இறங்கிவிட்ட மருமகளிடம் பஸ் ஏறும்வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

பெங்களூரில் செய்கிற வாட்சைப் பற்றி அவள் ஒரு கடையில் விசாரித்தாள். நல்ல வாட்ச்தான், பெயரைப் பதிந்து வைத்தால் பத்து மாசத்தில் வரலாம் என்றார் கடைக்காரர். பத்து மாசத்தில் அப்பாவுக்கு எத்தனை மெமோ வருமோ என்று அவள் நினைத்தாள். ஆகவே அரைப்பரீட்சை லீவு வரைக்கும் பொறுத்திருந்து மதுரைக்குப் போனாள். ஆம்பளைத் துணை இல்லாமல் அவ்வளவு பெரிய கடைக்கு எப்படிப் போவாய் என்று சோணைமுத்துவும் கூட ஏறிக்கொண்டார்.

மதுரைக் கடையில் ஆம்பளைத் துணையின் உபயோகம் உடனே தெரிந்தது. அவள் கேட்கிற கேள்விக்கெல்லாம் கடைக்காரர் சோணைமுத்துவிடம் பதில் சொன்னார். பதினேழு கல் என்றால் என்ன கல், அது எதற்கு என்று அவள் கேட்டாள். கடைக்காரர் மாமனைப் பார்த்து, கல் கூடக் கூட மதிப்பு சார் என்றார். மாமன் எல்லாம் தெரிந்தவராகத் தலையாட்டினார். ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் பிந்தும் என்று கேட்டாள். சாருக்கு ஏற்ற மாதிரி தங்கச் செயினோடு ஒன்று இருக்கிறது என்று மாமனிடம் சொன்னார். கட்டப்போகிறவர் தான் இல்லை என்பதை மாமன் சொல்லவில்லை. நாலு வாட்சைக் கையில் மாட்டிப் பார்த்துவிட்டார்.

செல்லக்கிளி அங்கிருந்து நகர்ந்தாள். கடையின் ஓரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் ரிப்பேர்காரர் உட்கார்ந்திருந்தார். முப்பது வயசுக்காரர், ஒரு கண்ணில் கறுப்புக் குப்பி மாதிரி பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு குனிந்திருந்தார். அவரிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“இங்க விக்கிற வாட்சுல உங்ககிட்ட ரிப்பேருக்கு வராத வாட்ச் எதுண்ணே?”

அவர் குப்பியை எடுத்துவிட்டு அவளை நன்றாகப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் யாரும் அவரை அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். முதலாளி பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இடுக்கி முனையால் அலமாரியின் கீழ்த்தட்டைக் காட்டினார். அங்கே ஒரு மூலையில் இரண்டு வாட்சுகள் இருந்தன. சுவிஸ் சரக்கு, பதினேழு கல், ஸ்டீல் உடம்பு, வெள்ளை டயல், மெல்லிசான கறுப்பு முள். தேதி கிடையாது, மின்னாது. தினம் ஒருதரம் சாவி கொடுக்க வேண்டும். கல் என்பது உள்ளே சக்கரங்கள் தேயாமல் சுற்றுவதற்கு வைக்கிறது, பதினேழுக்கு மேல் இருப்பதெல்லாம் பெரும்பாலும் டயலில் எழுதுவதற்குத்தான் என்றார் அவர். பழைய கலெக்டர் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் இதே வாட்சை இருபது வருஷமாகக் கட்டுகிறார்கள், துடைக்க மட்டும் கொண்டுவருவார்கள் என்றும் சொன்னார்.

விலை அவளுடைய ஒரு மாசச் சம்பளத்துக்கு மேலே போனது. தங்கக் கலர் வாட்ச் அதைவிட மலிவு. சோணைமுத்துவால் இதைத் தாங்க முடியவில்லை. இவ்வளவு பணத்தைக் கொட்டிவிட்டு, பார்த்தால் யாருக்கும் விலை தெரியாத வாட்சை வாங்குகிறவர்கள் உண்டா என்று கேட்டார். அவளுக்கோ அதுதான் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால் அதில் அவளுக்கும் கொஞ்சம் கர்வம் இருந்தது. தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற பொருள் ஒன்று அப்பா கையில் இருக்கட்டும் என்ற கர்வம். கடைசியாக அவள் பில் கேட்டாள். பில் இல்லாவிட்டால் கொஞ்சம் குறைத்துத் தருவதாகக் கடைக்காரர் மாமனிடம் சொன்னார். பெரிய மனிதர்கள் யாரும் பில் கேட்பதில்லை என்று மாமன் அவள் காதில் சொன்னார். அவள் தன் பெயருக்குப் பில் வாங்கிக்கொண்டாள்.

சீனிச்சாமி அதைக் கையில் வாங்கியதும் பயந்துவிட்டார். வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு மறுபடி வாங்கினார். காதோடு வைத்துக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார்.

“இது எம்புட்டு சன்னமாப் பேசுது,” என்றார் வெள்ளைத்தாயிடம்.

மணி பார்க்க அவருக்குத் தெரியும். நிமிஷக் கணக்கை மட்டும் மகள் சொல்லிக்கொடுத்தாள். மறுநாள் ஆபீசுக்குப் போகும்போது டயலை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக் கட்டி, காக்கிச் சட்டையின் கையை அதற்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். இப்படி ஒளித்துக் கட்டுவதற்குப் பதில் அந்தத் தங்கச் செயினையே வாங்கியிருக்கலாம் என்று சோணைமுத்து வருத்தப்பட்டார்.

எவ்வளவுதான் ஒளித்தாலும் ஆபீஸ் வராந்தாவில் காத்துக்கிடக்கிற ஜனங்களுக்கு வேறு வேலை கிடையாது. இரண்டே நாளில் பார்த்துவிட்டார்கள். மணி என்னண்ணே என்று கேட்பார்கள். கேட்டால் சொல்லாமல் இருக்க சீனிச்சாமிக்குத் தெரியாது. கையைத் திருப்பிப் பார்த்து, நிமிஷம் உட்படச் சொல்வார். ஒருநாள், பத்தரைக்கு வரச்சொல்லியிருந்த ஒரு சம்சாரி ஆபீசர் முன்னால் போய் நின்றார். ஆபீசர் கையைப் பார்த்து, சரியாகப் பத்தரைக்கு வந்துவிட்டாயே என்று பாராட்டினார்.

“வாசல்ல பதினொண்ணே கால் ஆகுது சாமி,” என்றார் சம்சாரி. “உள்ளதான் பத்தரை போல.”

ஆபீசர் சீனிச்சாமியைக் கூப்பிட்டு வாட்சைக் கழற்றித் தரச் சொன்னார். வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். பின்மூடியில் இருந்த பொடி எழுத்துகளை வாசித்தார். அவர் வாட்ச் தெரிந்தவர். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் இடது கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

பத்து நாளில் மொட்டைப் பெட்டிஷன் வந்தது. கூலிக்காரன் மகனான மேற்படி சீனிச்சாமி, பொதுமக்களிடம் கையூட்டுப் பெற்று ஆயிரக்கணக்கில் பெறுமான அயல்நாட்டுக் கடிகாரம் வாங்கி அணிந்துள்ளான் என்றும், அதனால் ஆபீசின் கௌரவம் குலைகிறது என்றும், இப்படிக்கு நேர்மையை விரும்பும் பொதுஜனம் என்றும் கண்டிருந்தது. ஒரு நகல் மேலாபீசுக்கும் போயிருந்தது.

ஆபீசுக்கு எதிர்த்தாற்போல் வேப்பமரத்தடியில் மனு எழுதிக்கொடுக்கிற அப்பய்யா என்று ஒருவர் இருந்தார். நெசவுக் குடும்பத்துக்காரர், கண் பார்வை குறைந்து தறியை விட்டவர், கையெழுத்து மட்டும் முத்து மாதிரி இருக்கும். செல்லக்கிளி லீவு போட்டுவிட்டு ஓடி வந்தபோது அவரே அவளைக் கூப்பிட்டு, அந்தப் பெட்டிஷனை எழுதியது தான்தான் என்று கூசாமல் சொன்னார்.

“யாரு எழுதச் சொன்னாகன்னு மட்டும் கேக்காதீக டீச்சர். தொழில்னு ஒண்ணு இருக்குல்ல. பதில் எழுதணும்னா சொல்லுங்க, இதைவிட நல்லா எழுதித் தாரேன்.”

சொன்னவர் பேச்சோடு பேச்சாக ஹெட்கிளார்க் அறை ஜன்னல் பக்கம் பார்த்தார். செல்லக்கிளி நன்றி சொல்லிவிட்டு, தன் பதிலைத் தானே எழுதிக்கொள்வதாகச் சொன்னாள்.

விசாரணை ஆரம்பமானது. முதல் உத்தரவு, வாட்சை ஆபீஸ் இரும்புப் பெட்டியில் ஒப்படைக்க வேண்டும். சீனிச்சாமி கழற்றிக் கொடுத்தார். ஒரு கவரில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார்கள். அரக்கைக் காய்ச்சியது சீனிச்சாமிதான், அது அவர் வேலை. செல்லக்கிளி பில்லைக் கொடுத்தாள், அரியர்ஸ் வாங்கிய ரசீதைக் கொடுத்தாள். பில் அவள் பெயரில் இருக்கிறது, வாட்ச் அவர் கையில் இருந்தது, இருவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார் ஜோதிலிங்கம். அவர் அவளைப் பிறந்ததிலிருந்து பார்த்தவர். தகப்பன், மகள் என்று கிராம முன்சீப்பிடம் சர்டிபிகேட் வாங்கி வந்தாள். பிறகு ஒரு நீளமான படிவம் கொடுத்தார்கள். அதில் ‘அன்பளிப்பின் நோக்கம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘மணி பார்க்க’ என்று எழுதினாள். நோக்கம் போதுமான விரிவாக இல்லை என்று திரும்பி வந்தது.

வீட்டில் சாப்பிடும்போது அப்பா இடது மணிக்கட்டை வலது கையால் தடவிக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் செல்லக்கிளிக்கு உண்மையான கோபம் வந்தது. அவள் உட்கார்ந்து இன்னொரு கடிதம் எழுதினாள். இது கெஞ்சல் கடிதம் இல்லை. மேற்படி கடிகாரம் தினமும் சாவி கொடுக்க வேண்டிய இயந்திரம், ஓடாமல் பெட்டிக்குள் கிடந்தால் எண்ணெய் இறுகிப் பழுதாகும், அப்படிப் பழுதானால் அதற்கு எந்த அதிகாரி பொறுப்பு என்பதைத் தயவுசெய்து பெயருடன் தெரிவிக்கவும் என்று எழுதியிருந்தாள்.

பொறுப்பு என்ற சொல் அந்த ஆபீசில் யாரும் தொட விரும்பாத சொல். பெயருடன் என்பதைப் படித்ததும் ஜோதிலிங்கம் காகிதத்தை ஆபீசரிடம் தள்ளினார். ஆபீசர் அன்றைக்கே மேலாபீசுக்குத் தள்ளினார். மேலாபீசில் யாரோ ஒருவருக்கு வாட்சைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். ஆச்சரியமாக ஒரே வாரத்தில் உத்தரவு வந்தது. விசாரணை முடியும்வரை மேற்படி கடிகாரத்துக்குத் தினமும் காலை பத்து மணிக்கு, ஆபீசர், ஹெட்கிளார்க் ஆகிய இருவர் முன்னிலையில் சாவி கொடுக்கப்பட வேண்டும். இதற்கெனத் தனிப் பதிவேடு வைத்து இருவரும் கையொப்பமிட வேண்டும். மேலாபீசிலிருந்து எந்த நாளும் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பார்க்கப்படும்.

இரும்புப் பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி ஆபீசரிடம், இன்னொன்று ஹெட்கிளார்க்கிடம். ஒருவர் மட்டும் வந்து திறக்க முடியாது. வாட்சுக்குச் சாவி கொடுக்கிற வேலை யாருடையது என்பதை உத்தரவு சொல்லவில்லை. கையால் செய்கிற வேலையாக இருப்பதால் அது பியூன் வேலை என்று ஜோதிலிங்கம் குறிப்பு எழுதினார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை ஒன்பது ஐம்பத்தைந்துக்கு ஆபீசர் ஆபீசுக்கு வந்தார். அவர் காலையில் இவ்வளவு சீக்கிரம் அந்த ரோட்டில் நடந்து வந்ததை யாரும் பார்த்ததில்லை என்பதால், ஏதோ கெட்ட சேதி என்று டீக்கடைக்காரர் எழுந்து நின்றார். ஜோதிலிங்கம் வேர்த்து விறுவிறுத்து வந்தார். காலை வேளையில் அவர் பருத்தித் தரகு பார்ப்பார், அது அன்றோடு போயிற்று. இரண்டு பூட்டும் திறந்தன. அரக்கைப் பிரித்தார்கள். சீனிச்சாமி வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு வாட்சை எடுத்தார்.

இரும்புப் பெட்டி தாழ்வான பெட்டி. சீனிச்சாமி அதற்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாட்சின் சாவிக் குமிழை இரண்டு விரலால் பிடித்து மெல்ல மெல்லத் திருகினார். ஆபீசரும் ஹெட்கிளார்க்கும் நின்றுகொண்டிருந்தார்கள். இருபத்தெட்டு வருஷத்தில் அந்த ஆபீசில் அவர் உட்கார்ந்திருக்க அவர்கள் நின்றது அதுதான் முதல் தடவை. அவர் அவசரப்படவில்லை. வேகமாகத் திருகினால் உள்ளே இருக்கிற வில்லுக்கு ஆகாது என்று மதுரைக் கடையில் சொன்னதாக மகள் சொல்லியிருந்தாள். இருபது சுற்று முடிந்ததும் காதோடு வைத்துக் கேட்டார். பிறகு, ஓடுதுங்கய்யா என்று அறிக்கை கொடுத்தார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர் இதைச் செய்து காட்டினார். ஆபீசர் எப்படி நின்றார், ஜோதிலிங்கம் எப்படி மூச்சு வாங்கினார் என்று. வெள்ளைத்தாய் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெரிய ஆட்கள் இருவரும் பத்துக்கு வந்துவிடுவதால் மற்ற கிளார்க்குகளும் வேறு வழியில்லாமல் வந்தார்கள். வந்த பிறகு சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, ஃபைலை எடுத்தார்கள். இந்தச் சேதி ஒரு வாரத்துக்குள் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் போய்விட்டது. அந்த ஆபீசில் பத்து மணிக்கு ஆளிருக்கிறது என்று கேள்விப்பட்டு, நம்பாதவர்கள் பார்ப்பதற்காகவே பஸ் ஏறி வந்தார்கள். மூன்று வருஷமாக நடந்த மூக்கம்மாள் என்ற விதவைக்கு அவள் காகிதம் கையெழுத்தாகிக் கிடைத்தது. தெரியாமல் வேறு யாருடைய காகிதத்தையோ கொடுத்துவிட்டார்களோ என்று பயந்து, அவள் அப்பய்யாவிடம் காட்டி இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். எதற்காக இப்படி நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சர்க்கார் திருந்திவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

ஆபீசருக்கு உடம்பு இளைத்தது. வாரத்தில் இரண்டு நாள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வழக்கம் நின்றது. ஜோதிலிங்கத்துக்குப் பருத்தித் தரகில் போன பணம் பெட்டிஷன் எழுதக் கொடுத்ததைப்போலப் பல மடங்கு. இருவருமே லீவு போட முடியவில்லை. ஒருவர் வராவிட்டால் பூட்டுத் திறக்காது. பூட்டுத் திறக்காவிட்டால் வாட்ச் நின்றுபோகும். நின்றால் பொறுப்பு.

சாவி கொடுக்கத் தொடங்கிய இருபத்து மூன்றாம் நாள் விசாரணை திடீரென்று முடிந்தது. ஆபீசரே ராவும் பகலுமாக உட்கார்ந்து அறிக்கை எழுதினார். பில் உண்மையானது, மகள் உண்மையானவள், சீனிச்சாமி அப்பழுக்கற்றவர், மொட்டைப் பெட்டிஷன் பொறாமை காரணமாக எழுதப்பட்டது, கடிகாரத்தை ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் திருப்பித் தருவது நீதிக்கு அவசியம். அவர் தன் சர்வீசில் எழுதியதில் அவ்வளவு உணர்ச்சியான அறிக்கை வேறு கிடையாது. வாட்சைக் கொடுக்கும்போது அவரே சீனிச்சாமியின் கையில் கட்டிவிட்டார். வாரின் துளையைத் தவறவிட்டு இரண்டு தரம் தடுமாறினார்.

மறுநாள் ஆபீசர் பதினொன்றுக்கு வந்தார், பத்து என்றார். ஜனங்கள் ஒரு வாரம் பத்து மணிக்கு வந்து பார்த்துவிட்டு, பழையபடி மத்தியானத்துக்கு மேல் வர ஆரம்பித்தார்கள்.

சீனிச்சாமி மட்டும் பழையபடி ஆகவில்லை. டயலை வெளிப்பக்கமாகத் திருப்பிக் கட்டிக்கொண்டார், சட்டைக் கையை மடித்துவிட்டார். அந்த ஆபீசின் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘வந்த நேரம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அச்சடித்த நாளிலிருந்து யாரும் அதை நிரப்பியதில்லை. தினமும் அந்தப் பதிவேட்டை மேஜையில் எடுத்து வைக்கிறவர் சீனிச்சாமி. ஒருநாள் தன் பெயரைப் போட்டுவிட்டு, கையைப் பார்த்து, பக்கத்தில் 8.10 என்று எழுதினார். அடுத்த நாள் 8.04. அதற்கடுத்த நாள் மழை, 8.20.

அவருடைய கட்டம் நிறைந்திருக்க, மேலே இருந்த கட்டங்கள் வெறுமனே கிடப்பது நாளாக நாளாகக் கண்ணை உறுத்தியது. ஜோதிலிங்கம் அவரை நேரம் எழுதாதே என்று சொல்ல நினைத்தார். அதைச் சொல்ல ஒரு விதியும் கிடைக்கவில்லை. கடைசியில் அவரும் எழுத ஆரம்பித்தார். எத்தனை மணிக்கு வந்தாலும் 10.00 என்று எழுதினார். மற்ற கிளார்க்குகள் அதையே பார்த்து எழுதினார்கள். ஆபீசர் எல்லாவற்றுக்கும் கீழே சுருக்கொப்பம் போட்டார்.

அடுத்த ஆடியில் ஆடிட் வந்தது. வந்தவர் வருகைப் பதிவேட்டைப் புரட்டி ஆச்சரியப்பட்டார். ஒன்பது பேர், நாலு மாசம், ஒரு நாள் விடாமல் அத்தனை பேரும் சரியாகப் பத்து மணி. இப்படி ஓர் ஆபீசைத் தான் பார்த்ததில்லை என்று பாராட்டிக் குறிப்பு எழுதினார். கீழே ஒரே ஒரு குறை. பியூன் சீனிச்சாமியின் வருகை நேரம் நாளுக்கு நாள் மாறுபட்டு ஒழுங்கின்றி உள்ளது, மற்றவர்களைப்போல் ஒரே சீராக வர அவருக்கு அறிவுறுத்தப்பட வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை சீனிச்சாமி இதை மகளிடம் சொன்னார். செல்லக்கிளி பேனாவைத் தேடினாள், யாருக்கு எழுதினால் சரியாக இருக்கும் என்று யோசித்தாள்.

“விடு தாயி,” என்றார். “அவுக எழுதுறது அவுக நேரம். நான் வந்த நேரம் எனக்குத் தெரியும்ல.”

கோபம் இல்லாமல்தான் சொன்னார். திங்கட்கிழமை பதிவேட்டில் 8.07 என்று எழுதினார்.